மருந்துக்கடையில் நாம் கேட்க வேண்டியவை
(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தால் நாம் அந்த இடத்திலேயே நின்று கேட்கிறோம். டவுன் பாமசியில் மட்டும் தருவதை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்புகிறோம். தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து இல்லாவிட்டால் நமக்கு அந்தக் கடைதான் கதி. பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதா மாதம் நமது சம்பளம்தான் அங்கே போகிறது. ஆகவே அந்தக் கடையைக் கட்டுப்படுத்தும் சட்டம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அமைக்கப்பட்டது. அதன் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் பாமசி நடத்த முடியாது. உணவு, மருந்துப் பரிசோதகர்கள் கடைக்குள் சென்று சோதிக்கலாம். மாதிரி எடுத்து ஆய்வுக்கும் அனுப்பலாம்.

அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகிறதா? பதிவுபெற்ற மருந்தாளர் கடையில் நின்று மருந்து கொடுக்கிறாரா, அல்லது அவருடைய சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்குகிறதா? காலாவதியான மருந்து தட்டில் இருக்கிறதா? இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசில் குளிரூட்டியில் வைக்கப்பட்டுள்ளதா? வைத்தியரின் துண்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்தைக் கொடுக்கிறார்களா?

பரிசோதகர் எப்போதாவதுதான் வருவார். நாமோ மாதந்தோறும் போகிறோம். அவர் பார்ப்பவற்றில் பாதியை நாமும் பார்க்கலாம். "மருந்தாளர் யார்?" என்று கேளுங்கள். அட்டையில் காலாவதித் திகதியைப் பாருங்கள். வெட்டிக் கொடுத்த துண்டில் திகதி இல்லையென்றால் முழு அட்டையையும் காட்டச் சொல்லுங்கள். அதே மருந்து வேறு கம்பனியில் குறைந்த விலைக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். விலை வித்தியாசத்தை அறிந்து தெரிவு செய்வது நமது உரிமை. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை விதிக்கப்பட்டது; பின்னர் பட்டியல் கூடியது. பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இன்னொன்று. உறையில் வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதித் தந்தால், காலையில் குடிப்பதை நமது பாட்டி இரவில் குடித்துவிடுவார். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. "தமிழில் எழுதித் தாருங்கள்" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

தவறு கண்டால் கடையில் சண்டை பிடிக்க வேண்டாம். பற்றுச்சீட்டையும் மருந்து உறையையும் பத்திரப்படுத்தி, திகதியைக் குறித்துத் தலைவரிடம் கொடுங்கள். தனியாளாக எழுதத் தயங்குவோம். சங்கமாகச் சேர்ந்து தமிழிலேயே அதிகாரசபைக்கு எழுதுவோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தோட்டமும் தான் கண்டதை எழுதிக் கொண்டுவர வேண்டும்.