குடியை விடுவோர் கூடும் இடம்



குடி தீதென அறியாதார் நம்மில் ஒருவருமிலர். அதை விட விரும்புவோன் எங்கே செல்வது என்பதே இன்று நாம் ஆராயத்தக்கது.

1935ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு அக்ரன் நகரில், பில் வில்சன் என்னும் பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்னும் அறுவை வைத்தியரும் சந்தித்தனர். இருவரும் குடியால் நலிந்தோர். அவர்கள் மனந்திறந்து பேசிய பேச்சினின்றும் பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டம். இன்று சென்னையிலும் தமிழிலேயே அது நடைபெறுகின்றது. கட்டணமில்லை, குடியை விடவேண்டுமென்னும் விருப்பமொன்றே தகுதி. குலமும் பதவியும் ஆங்கு வினவப்படா. கேட்டதை வெளியிற் கூறாமை அவர்தம் மரபு.

கூட்டம் இருவகைத்து. திறந்த கூட்டத்திற்கு வீட்டாரும் செல்லலாம். மூடிய கூட்டம் குடிநோயாளர்க்கே உரியது. வீட்டாருக்கென அல்-அனான் என்னும் தனிக் கூட்டமும் உண்டு. முதலிற் சென்ற இடம் மனத்திற்கு ஒவ்வாதாயின் வேறொன்றை நாடுக. வழியறியாதார் 14446 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம்.

ஒன்று மறவற்க: நெடுநாள் மிகக் குடித்தோர் திடீரென நிறுத்தின் வலிப்பும் சித்தப்பிரமையும் நேரக்கூடும். ஆதலின் வைத்தியரை முன்னர்க் காண்க.

மானங்கருதி இந்நோயை மறைத்த வீடுகளில் தாலியிழந்த பெண்டிர் நம் குலத்தில் உளர். இனி ஒருவன் தனியே செல்ல நாணுவானாயின், கூட்டத்தின் வாயில்வரையேனும் அவனுடன் நடத்தல் நம் கடனாகும்.