ஒரு வாஷர் கேட்டு வந்தவர்



தாராபுரத்துக்காரரை எந்த ஊரில் பார்த்தாலும் பேச்சிலேயே அடையாளம் தெரிந்துவிடும். "ஏனுங்க, எப்ப வந்தீங்க?" என்பார். ஐந்து வயதுக் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்று கூப்பிடுகிற மண் இது. இந்த "ங்க" வியாபாரத்தில் எவ்வளவு தூரம் கூட வருகிறது என்று இன்றைக்குப் பேசலாம்.

எங்கள் ஊர்க் கடையில் நானே நின்று பார்த்தது. கிணற்று மோட்டாரில் தண்ணீர் ஒழுகுகிறதென்று தோட்டத்துக்காரர் ஒருவர், பழைய வாஷரைத் துண்டு முனையில் முடிந்துகொண்டு வந்தார். ஏற்கெனவே வேறொரு கடையில் கேட்டிருக்கிறார். அங்கிருந்தவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே "இல்லை" என்றுவிட்டார். இந்தக் கடைக்காரர் எழுந்தார். "உக்காருங்கண்ணா. எத்தனை எச்.பி. மோட்டாருங்க?" என்றார். இரண்டு டப்பாக்களைக் கொட்டித் தேடினார். மூன்றாவதில் கிடைத்ததைப் பழைய வாஷரின்மேல் வைத்து அளவு பார்த்தார். விலை ஐந்து ரூபாய். அதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

அந்தக் கோடையில் கிணறு வற்றியது. தோட்டத்துக்காரர் போர் போட்டார். சப்மெர்சிபிள் மோட்டார், பைப், கேபிள், ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் அந்தக் கடையிலேயே எடுத்தார். விலை விசாரிக்க இன்னொரு கடைப் படி ஏறவில்லை.

கதை அதோடு முடியவில்லை. ஆறே மாதத்தில் மோட்டார் காயில் கருகிவிட்டது. கோபத்தோடுதான் வந்தார். "உங்க பக்கம் ஓல்டேஜ் குறைவுங்க" என்று தட்டிக்கழிக்க வழி இருந்தது. கடைக்காரர் அப்படிச் செய்யவில்லை. முழுக்கக் கேட்டார், மெக்கானிக்கை வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்கே அனுப்பினார். விற்கிறபோது எல்லோருக்கும் சிரிப்பு வரும். சரக்கு திரும்பி வருகிறபோதும் முகம் மாறாதவரிடம்தான் நான் சாமான் வாங்குவேன்.

வியாபாரத்தில் எதிரே நிற்பவரின் மரியாதையைக் காப்பதை நம் பெரியவர்கள் வழக்கமாகவே வைத்திருந்தார்கள். காங்கேயம் பக்கம் கண்ணபுரத்தில், சித்திரையில் மாரியம்மன் திருவிழாவையொட்டி மாட்டுச்சந்தை கூடுகிறது. காங்கேயம் மாடுகளுக்குப் பேர்போன சந்தை. அங்கே துண்டைப் போட்டு மூடி, அதற்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தந்திரம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அது மரியாதையாகவே படுகிறது. கஷ்டத்துக்கு மாட்டை ஓட்டி வந்தவர் எவ்வளவு இறங்கி வந்தார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டாம். பேச்சு படியவில்லையென்றாலும் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

மரியாதையைப் போலத்தான் நம்பிக்கையும். தொழிலதிபர் ஜி.டி. நாயுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1893-இல் கோவைக்குப் பக்கத்தில் கலங்கலில் பிறந்தவர். மோட்டார் சைக்கிள் வாங்குவதற்காகக் கோவையில் ஓட்டலில் பரிமாறுகிற வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். ஓட்டுநரும் அவரேதான். அந்தத் தொடக்கத்துக்குப் பணம் கொடுத்துக் கைதூக்கிவிட்டவர் கோவையில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ். அந்த இளைஞரிடம் அப்போது சொத்தென்று பெரிதாக எதுவும் இல்லை. ஆளைப் பார்த்து, குணத்தை நம்பிக் கொடுத்த பணம் அது. அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது. பசித்து வந்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறிய கைக்குப் பயணிகளின் அவசரம் புரியாமல் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. வாடிக்கையாளரைப் பார்த்து "வாங்கண்ணா" என்று கும்பிடுகிற அதே வாய், அடுத்த நொடியில் கடைப் பையனை "டேய்" என்று அதட்டுகிறது. வந்தவர் காதில் இரண்டும் விழுகின்றன. எது பழக்கம், எது வேஷம் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இன்றைக்கு நம் மில்களிலும் கடைகளிலும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். ஊருக்குப் போனால் வருவார்களா, மாட்டார்களா என்பதே முதலாளிகளுக்குப் பெரிய கவலை. சம்பளம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சம்பளம் ஒன்றாக இருக்கிற இரண்டு மில்களில், பேர் சொல்லிக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு உடம்பு எப்படி?" என்று விசாரிக்கிற மில்லுக்குத்தான் அந்தப் பையன் திரும்பி வருவான், வரும்போது தம்பியையும் கூட்டி வருவான்.

கடை வைத்திருக்கிற நேயர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக்குக் காலையில் ஷட்டரைத் தூக்கியதும், முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன்னால், கடையைக் கூட்டிக்கொண்டிருக்கிற பையனிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். அந்த "ங்க" சேர்த்தே கேளுங்கள்.