கழுத்துக் கழலையும் ஒலிப்படமும்



கழுத்தில் வலியில்லாத கழலை தெரிந்தால் நாம் பற்றுப் போட்டுப் பார்க்கிறோம். பெரும்பாலான கழலைகள் புற்றுநோயல்ல என்பது உண்மை. ஆனால் தடவிப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது.

அல்ட்ராசவுண்ட் என்னும் கருவி, நம் காதுக்கு எட்டாத ஒலியைக் கழுத்துக்குள் செலுத்தி எதிரொலியைப் படமாக்குகிறது. வௌவால் இருட்டில் வழி காண்பதும் இப்படித்தான். கதிர்வீச்சில்லை, வலியில்லை, கர்ப்பிணிக்கும் செய்யலாம். சந்தேகமானால் படத்தைப் பார்த்தபடியே மெல்லிய ஊசியால் அணுக்களை எடுத்துச் சோதிப்பார்கள்.

தைராய்டுப் புற்று என்று தெரிந்தபின், அறுவைக்கு முன் கழுத்தின் இருபக்கமும் பார்ப்பது ஏன்? இந்நோய் பக்கத்து நெறிகளுக்குப் பரவக்கூடியது. நல்ல நெறி அவரை விதைபோல் நீண்டிருக்கும். நோய் கண்டது பெரும்பாலும் உருண்டுவிடும், சுண்ணாம்புப் புள்ளிகளும் தெரியலாம். முன்னமே கண்டால் ஒரே அறுவையில் எடுக்கலாம். தவறினால் மறுபடியும் கத்திதான்.

நமக்குக் கவலையெல்லாம் அதற்குப் பிறகுதான். தழும்பு ஆறிவிட்டது, மாத்திரை இருக்கிறது. குளுவாங்கிலிருந்தோ சிகாமட்டிலிருந்தோ ஜோகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனைக்கு ஒரு நாள் வேலையை விட்டு ஏன் போகவேண்டும் என்று இருந்துவிடுகிறோம். அறுவை முடிந்த 6 முதல் 12 மாதத்துக்குள் மறுபடமும், தைரோகுளோபுலின் இரத்தச் சோதனையும் பொதுவாக வேண்டும். பல ஆண்டு கழித்தும் இந்நோய் திரும்புவதுண்டு. விரலுக்கு அகப்படாத சில மில்லிமீட்டர் நெறியும் படத்தில் தெரியும். தெரிந்ததெல்லாம் வெட்டவேண்டியதல்ல, மிகச் சிறியதைக் கவனித்தே வருவதும் உண்டு.

போகும்போது பழைய படத்தையும் அறுவைச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். தோட்டம் மாறும் குடும்பங்கள் முதலில் தொலைப்பது அவற்றைத்தான்.