வேற்றூரில் முதுமை

ஊரில் தனித்திருக்கும் தாயையோ தந்தையையோ தாம் பணிபுரியும் தில்லிக்கோ மும்பைக்கோ அழைத்து வந்து பேணுவது நம்மவர் பலர் விரும்பிச் செய்யும் கடமையாகும். உணவுக்கும் மருந்துக்கும் அங்கே குறைவில்லை. ஆயினும், வந்த சில திங்களுக்குள் அவர்கள் வாடத் தொடங்குவதைப் பல வீடுகளிலும் காண்கிறோம். காரணம் என்ன?

ஊரில் அவர் விடியலில் குளத்தங்கரைக்கு நடந்தார். வழியில் நாலுபேர் நிறுத்திப் பயிரைப் பற்றியும் வழக்கைப் பற்றியும் யோசனை கேட்டனர். இங்கோ, மகனும் மருமகளும் அலுவலகம் சென்றபின், நான்காம் மாடியில் தனித்திருக்கிறார். காய்கறிக்காரரிடம் இரண்டு சொல் பேசவும் இந்தி வராது. நடை நின்றது, பேச்சு நின்றது, மதித்துக் கேட்பாரும் இல்லை. இக்குறைகளை மருந்து தீர்க்காது.

முதலாவது, நடை. முதியோர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமாக உடலை இயக்கவும், மூன்று நாளேனும் தடுமாறி விழாதிருப்பதற்குரிய பயிற்சி செய்யவும் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்துரைத்தது. ஆனால் தில்லியின் தை மாதத்து விடியலில் நடத்தல் வேண்டா. குளிர் இரத்த நாளங்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்தும். பனியோடு புகையும் தாழ்ந்து நிற்கும். வெயில் ஏறியபின் செல்வதே நன்று.

இரண்டாவது, செவி. நினைவு தடுமாறுகிறது என்று நாம் எண்ணுவது, சில வேளைகளில் செவிக்குறையாகவே இருக்கும். கேட்க இயலாதவர் கூச்சத்தால் பேச்சைவிட்டு ஒதுங்குவர். ஆதலின் கண்ணைப்போலவே காதையும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

சட்டமும் துணை நிற்கிறது. பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமையென 2007-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 70 வயது நிறைந்தோர்க்கு, வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாட்டை மத்திய அரசு 2024-இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேர்த்தது. தகுதியுடையோர் அதற்குரிய அட்டையைக் காலத்தே பெற்றுவைப்பது நன்று.

ஆனால், பேச்சுத்துணையைச் சட்டம் தர இயலுமா? அதை நாம்தான் தரவேண்டும். பள்ளியில் தமிழ் கற்க வாய்ப்பில்லாத பேரனுக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பைத் தாத்தாவிடம் ஒப்படையுங்கள். அவருக்கு மாலைப்பொழுதில் ஒரு வேலை கிடைக்கும். சிறுவனுக்குத் தாய்மொழி கிடைக்கும். மாதம் ஓரிரு முறையேனும் தமிழன்பர் கூடும் இடத்துக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள்.

நேயர்களே, இன்று வீடு திரும்பியதும் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதோடு நில்லாதீர்கள். குடும்பக் காரியம் ஏதேனும் ஒன்றில் அவருடைய யோசனையைக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை அருகில் அமர்ந்திருங்கள்.