வள்ளியாகவும் நந்தனாகவும்

 

கே. பி. சுந்தராம்பாள் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டார் மனக்கண்ணில் எழுவது ஒரே உருவம்தான். நெற்றி நிறையத் திருநீறு, வெண்ணிற ஆடை, கையில் கோல், குழந்தை முருகனை நோக்கி உயரும் குரல். ஔவையை நேரில் கண்டவர் எவரும் இல்லை. ஆயினும் ஔவை எப்படி இருந்திருப்பாள் என்று கேட்டால், 1953-ஆம் ஆண்டில் ஜெமினியின் ‘ஔவையார்’ படம் வந்த பிறகு பிறந்தவர்கள் சுந்தராம்பாளைத்தான் காட்டுவார்கள். இந்த உருவம் அந்த அம்மையாருக்குப் பெரும்புகழ் சேர்த்தது. கூடவே ஓர் அநீதியையும் செய்துவிட்டது. இருபது வயதில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நாடகக் கொட்டகைகளை நிரப்பிய ஸ்திரீபார்ட் நடிகை ஒருத்தி அந்தத் திருநீற்றுக்குப் பின்னே மறைந்து போனாள். இவ்வுரை அந்த நடிகையைப் பற்றியது.

அவர் பிறந்தது 1908-இல், காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில். அப்படியிருக்க, தென்காசியில் கூடிய அவையில் அவரைப் பற்றிப் பேசுவானேன் என்ற வினா எழலாம். அவருடைய வாழ்வை இரண்டாகப் பிளந்த பெயர் இந்தச் சாரல் மண்ணில் விளைந்தது என்பதே விடை. தென்காசிக்கு மேற்கே ஐந்து கல் தொலைவில் இருக்கிறது செங்கோட்டை. அந்நாளில் அது திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட ஊர். தென்காசியோ ஆங்கிலேயரின் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்தச் செங்கோட்டையில் கங்காதர ஐயருக்கும் மீனாட்சியம்மாளுக்கும் மகனாக 1906-இல் பிறந்தவர் கிட்டப்பா. பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன். 1904-இல் மலையைக் குடைந்து கொல்லத்துக்கு இருப்புப் பாதை திறந்தபின், நாடகக் கம்பெனிகளுக்கு இந்த வழி கைக்கெட்டியதாயிற்று. படுதாக்களும் பெட்டிகளும் ரயிலேறிப் போன காலம் அது.

இசை நாடகத்துக்கு இந்த வட்டாரம் புதிதன்று. தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். மலைவளம் பேசும் குறத்தியை மேடையேற்றிக் காட்டிய நூல் அது. சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்தில் தோன்றிய அண்ணாமலை ரெட்டியார் முருகன்மேல் காவடிச் சிந்து பாடினார். அந்த மெட்டுகள் பின்னாளில் நாடக மேடைக்கும் தாராளமாகப் பயன்பட்டன. குறத்தியும் முருகனும் ஒருவர் மீது ஒருவர் சொல்லெறிந்து பாடும் ‘வள்ளி திருமணம்’ இந்தப் பகுதியின் காதுகளுக்கு உறவாக ஒலித்ததில் வியப்பில்லை. அந்த நாடகத்துக்குச் செம்மையான வடிவம் தந்த சங்கரதாஸ் சுவாமிகளும் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியைச் சேர்ந்தவரே.

சுந்தராம்பாளின் இளமை வறுமையில் கழிந்தது. ரயில் வண்டியில் பாடிய சிறுமியின் குரலைக் கேட்டு, திருச்சிராப்பள்ளியில் ரயில்வே அதிகாரியாகவும் நாடகக் கலைஞராகவும் விளங்கிய எஃப். ஜி. நடேச ஐயர் மேடைக்கு வழிகாட்டினார் என்று ஒரு செய்தி உண்டு. கரூரில் காவல்துறை அதிகாரி ஒருவர் வேலு நாயர் கம்பெனியில் சேர்த்தார் என்று மற்றொரு செய்தி உண்டு. எதுவாயினும் பசித்த குழந்தைதான் மேடைக்கு வந்தது. ‘நல்லதங்காள்’ நாடகத்தில் அவர் முதலில் ஏற்றதும் பசியால் அழும் குழந்தையின் வேடமே. அதற்குப் பயிற்சி தேவைப்பட்டிராது.

அந்நாளைய மேடையில் ஒரு பெண்ணுக்கு என்ன இடம் இருந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபையில் கற்றறிந்த ஆடவர்களே பெண்வேடம் பூண்டனர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் அமைத்தது பாலர் சபை. அங்கே சிறுவர்களே சீதையும் சாவித்திரியும். மறுபுறம் கும்பகோணத்துப் பாலாமணி அம்மாள் பெண்களையே வைத்துக் கம்பெனி நடத்தி, ஆண்வேடத்தையும் பெண்களுக்கே கொடுத்தார். அவருடைய நாடகத்துக்குத் தனி ரயில் விட்டார்கள் என்பது பழைய ரசிகர்கள் விட்டுச் சென்ற செய்தி. ஆக, ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் எதிரெதிரே நின்று பாடுவது எங்கும் இயல்பாகிவிட்ட வழக்கமாக இருக்கவில்லை. அதற்கு இடம் தந்தது ‘ஸ்பெஷல் நாடகம்’.

ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் ஆர்மோனியக்காரரும் அவரவர் வண்டியில் வந்து இறங்குவர். நாடகம் எல்லோருக்கும் மனப்பாடம். சந்திப்பு மேடையிலேதான். வள்ளி தினைப்புனம் காக்கும் காட்சியில், வேடனாக வரும் வேலனுக்கும் அவளுக்கும் நடக்கும் தர்க்கம் எவ்வளவு நேரம் நீளும் என்று எழுதி வைத்தவர் யாரும் இல்லை. ஒருவர் ஒரு இராகத்தில் வினாத் தொடுத்தால் மற்றவர் அதே இராகத்தில் விடை சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் எழுத்தெழுத்தாகக் கேட்க வேண்டும். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் கோழி கூவும்வரை தொண்டை தாங்க வேண்டும்.

இதில் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. இசையறிந்த அன்பர்கள் உடனே உணர்வார்கள். ஆண்குரலுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டைச் சுருதி இயல்பு. பெண்குரலுக்கு ஐந்து, ஐந்தரைக் கட்டை. தர்க்கப் பாட்டில் இருவருக்கும் ஆர்மோனியம் ஒன்று, சுருதியும் ஒன்று. சுருதியைத் தாழ்த்தினால் பெண்ணின் குரல் அடங்கிப் போகும். உயர்த்தினால் ஆண் திணறுவான். பெரும்பாலான ராஜபார்ட்டுகள் எதைத் தேர்ந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கிட்டப்பா அந்த உயரத்தில் தயங்காமல் நின்று பாடக்கூடியவர். அவரும் சிறு வயதிலேயே கம்பெனியில் சேர்ந்து, பெண்வேடங்களில் பெயர் வாங்கியவர். கன்னையா கம்பெனியின் ‘தசாவதாரம்’ நாடகத்தில் மோகினியாக வந்தவர். ஸ்திரீபார்ட்டின் சுருதி அவருக்கு அயலானதன்று.

1926-இல் இலங்கையில் இருவரும் சேர்ந்து நடிக்க ஏற்பாடாயிற்று. சுந்தராம்பாளோடு மேடையேறினால் உன் பாட்டு எடுபடாது என்று கிட்டப்பாவைச் சிலர் எச்சரித்தார்கள் என்றும், அவர் அதைப் பொருட்படுத்தவில்லை என்றும் சொல்வார்கள். எச்சரிக்கையின் பொருளைக் கவனிக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பெண்ணின் குரலைக் கண்டு ராஜபார்ட்டின் நண்பர்கள் அஞ்சினார்கள்! அன்று தொடங்கி ‘வள்ளி திருமணம்’ என்றால் இந்த இணையே என்றாயிற்று. கிட்டப்பாவின் தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். கிராமபோன் தட்டுகள் இவ்விருவர் குரலையும் கொட்டகை காணாத சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றன.

1927-இல் இருவரும் மணம் செய்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு முன்பே திருமணமாகியிருந்தது. கிட்டம்மாள் என்ற மனைவி இருந்தார். செங்கோட்டை அக்கிரகாரத்துக் குடும்பமும் கொடுமுடிப் பாட்டுக்காரியும் ஒரு வாசலில் நுழைய அந்தக் காலம் இடம் தரவில்லை. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மனக்கசப்பு வளர்ந்தது, பிரிவு வந்தது. அந்தப் பிரிவின்போது சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பின்னர் அச்சேறியுள்ளன. அவற்றில் மன்றாடல் உண்டு. அதற்கு இணையாகக் கோபமும் உண்டு. தினைப்புனத்தில் தர்க்கமிட்ட வள்ளிதான் அங்கேயும் பேசுகிறாள். அடங்கி ஒடுங்கிய பக்தையின் குரலாக மட்டும் அவற்றைப் படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள்.

குடியும் நோயும் கிட்டப்பாவை வீழ்த்தின. 1933 டிசம்பர் 2-ஆம் நாள் அவர் மறைந்தார்; அப்போது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்று அவர் வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆடவருடனும் இணைந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1980-இல் கண்மூடும்வரை அந்த உறுதியில் தளரவில்லை.

இதைப் பதிபக்தி என்ற ஒரே சொல்லில் அடக்கிப் புகழ்வது வழக்கம். மேடைப் பேச்சுக்கு அது வசதியானது, ஆனால் போதாது. கைம்மைக் கோலத்தை அவரிடம் எவரும் கேட்கவில்லை. சட்டமும் சாதியும் ஒப்புக்கொண்ட மனைவி செங்கோட்டையில் இருந்தார். நடிகை ஒருத்தி வெள்ளை உடுத்தினாலும் வண்ணம் உடுத்தினாலும் ஊராருக்கு ஒன்றே. மனைவி என்ற இடத்தை வாழும்போது தர மறுத்த சமூகத்தின் முன்னே, கைம்பெண் என்ற இடத்தைத் தாமே எடுத்துக்கொண்டதன் மூலம் அவர் தம் திருமணத்தை நிலைநாட்டினார். இது பணிவன்று, வழக்காடுதல்.

தொழிலை ஒட்டிய மற்றொரு விளைவும் உண்டு. ஸ்பெஷல் நாடகத்தின் நடைமுறை இரக்கமற்றது. ராஜபார்ட் ஒருவர் இறந்தால், அடுத்த வாரமே அதே வள்ளிக்கு வேறு வேலனை அழைத்து வந்து கான்ட்ராக்டர்கள் நோட்டீஸ் அச்சடித்துவிடுவார்கள். சுந்தராம்பாளின் உறுதி அந்தக் கதவை அடைத்தது. ஆனால் பாடாமல் அவரால் வாழ முடியாது, பிழைப்பும் அதுவே. 1934-இல் மேடைக்குத் திரும்பியபோது ஸ்திரீபார்ட்டை விட்டு விலகி, நந்தனாராக வந்தார். பெண்வேடத்தில் பெயர் வாங்கிய ஆண் எதிரே பாடியவர், அவர் போனபின் தாமே ஆண்வேடம் ஏற்றார். இணை வேண்டாத நாடகம் அது. நந்தன் கெஞ்சுவது ஆண்டையிடம், ஏங்குவது சிதம்பரத்துக்கு.

1935-இல் ‘பக்த நந்தனார்’ படமாக வந்தது. அசன்தாஸ் என்ற வடநாட்டவர் தயாரித்தார். மாணிக்லால் டாண்டன் இயக்கினார். நடிக்க மனமில்லாத அம்மையார், கேட்டவர் ஓடிப் போகட்டும் என்று ஒரு லட்சம் ரூபாய் கேட்டதாகவும், அவர் அசையாமல் ஒப்புக்கொண்டதாகவும் கதை வழங்குகிறது. கதையின் அழகுபடுத்தல் எவ்வளவோ, தொகை அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்டது. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அவர் நந்தனின் காலில் விழ வேண்டிய காட்சி வைதிகர் சிலருக்குப் பொறுக்கவில்லை. வேடத்தால் புலையன், பிறப்பால் பிராமணர் அல்லாத பெண், தொழிலால் நாடகக்காரி. விழுந்து வணங்கப்பட்ட அந்தக் கால்களில் எத்தனை விலக்குகள்! படம் கலை வகையில் சிறந்ததாக அமையவில்லை. கல்கி ஆனந்த விகடனில் அதை எள்ளி நகையாடினார். அந்த நகைப்பில் நியாயமும் இருந்தது. கொட்டகையின் கடைசி வரிசைக்குப் பாடப் பழகிய குரல், அருகில் வந்து நிற்கும் கேமராவுக்கு இன்னும் பழகவில்லை.

பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி நாடகக் கலைஞர்களைத் தேசியப் பணிக்கு அழைத்தபோது முன்வந்தவர்களில் சுந்தராம்பாளும் ஒருவர். 1937 தேர்தலில் அவர் பாட்டுக்குக் கூடிய கூட்டம் பேச்சாளர்களுக்கும் பயன்பட்டது. 1950-களில் சென்னை மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். திரைக்கலைஞர்களுள் சட்டமியற்றும் அவைக்குள் நுழைந்த முதல்வர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். ‘மணிமேகலை’ 1940-இல் வந்தது. ‘பூம்புகார்’ 1964-இல் வந்தபோது கவுந்தியடிகளாக வந்தார். துறவி, அடிகள், கிழவி! உற்று நோக்கினால் 25 வயதுக்குப் பிறகு அவர் ஏற்ற பெயர்பெற்ற வேடங்களில் காதலிக்கோ மனைவிக்கோ இடமில்லை. நாற்பத்தைந்தாம் வயதில் கிழவி ஔவையாக நடித்ததைக் கலைத்திறம் என்று மட்டும் சொல்வார்கள். ஆண் துணை இல்லாமல் ஒரு பெண் தலைமை வேடம் தாங்கும் கதைகள் தமிழில் எத்தனை இருந்தன என்று எண்ணிப் பார்த்தால், அந்த வேடத்துக்கு அவர் வந்து சேர்ந்த வழி விளங்கும்.

1965-இல் ‘திருவிளையாடல்’ வந்தது. பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய பாலமுருகனை ஔவை பாடித் தணிக்கிறாள். அதில் நடப்பதும் தர்க்கமே. நாடகக் கொட்டகையில் வேலனோடு வாதிட்ட அதே எடுப்பு, அதே சொல்லழுத்தம், உச்சத்தில் சொற்கள் சிதையாத அதே உச்சரிப்பு. ஒலிவாங்கி வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் கடைசி வரிசைக்குத்தான் பாடினார். 1969-இல் வெளியான ‘துணைவன்’ படத்தில் முருகனைப் பாடியதற்காக இந்திய அரசின் சிறந்த பின்னணிப் பாடகி விருது அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் கொடுமுடியில் அவர் கட்டிய திரையரங்கு திறக்கப்பட்டது. ரயில் வண்டியில் பாடிய சிறுமி புறப்பட்ட ஊரில், அவர் பெயரால் ஒரு கொட்டகை.