மனு எழுதத் தெரிந்த கை

(திருத்தணியில், சட்டம் பயிலும் மாணவர்களுக்கான தமிழ்ச் சட்டக் கட்டுரைப் போட்டியைத் தொடங்கிவைத்து ஆற்றிய உரை)



இந்த மேடையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தணிகை மலை தெரிகிறது. ஆண்டின் நாட்களைப் போலவே 365 படிகள் என்பார்கள். டிசம்பர் 31-ஆம் நாள் படித் திருவிழாவுக்குத் திரளும் கூட்டத்தை நீங்களெல்லாம் கண்டிருப்பீர்கள். நான் பேச வந்தது அந்தப் படிகளைப் பற்றியன்று. ஏழை எளியவன் ஏறி இறங்கிக் கால் தேய்ந்துபோகிறானே, நீதிமன்றப் படிகள், அவற்றைப் பற்றி.

ஆனால் அதற்குமுன், இந்த ஊர் நம்மிடம் இருப்பதே ஒரு வழக்கின் விளைவு என்பதை நினைவூட்ட வேண்டும்.

1953-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. திருத்தணி அதனோடு போயிற்று. ஏன் போயிற்று? 1911-இல் வெள்ளையன் தன் நிருவாக வசதிக்காக அமைத்த சித்தூர் மாவட்டத்துக்குள் இது இருந்தது. அந்த ஒரே குற்றத்துக்காகப் போயிற்று! மங்கலங்கிழார் ஊர்தோறும் நடந்து தமிழ் கற்பித்து, மக்களைத் தட்டி எழுப்பினார். ம.பொ.சி. தமிழரசுக் கழகத்தின் கொடியோடு வந்தார். அன்று நமக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை உண்டு, மறைப்பானேன்? அதே ம.பொ.சி. 1967-இல் உதயசூரியன் சின்னத்தில் தியாகராய நகரில் நின்று வென்றார் என்பதும் வரலாறு. மறியல் நடந்தது, சிறை நிரம்பிற்று. திருவாலங்காடு கோவிந்தசாமியும் பழனி மாணிக்கமும் சிறையிலே உயிர் நீத்தனர்.

முழக்கம் மலையை எட்டிற்று. ஆனால் எல்லையை வகுக்க வந்த படாஸ்கர் எதைக் கேட்டார்? முழக்கத்தையா? இல்லை. கிராமத்தை அலகாக வை என்றார். 1951 மக்கள் தொகைக் கணக்கில் எந்த மொழியினர் பெரும்பான்மை என்று காட்டு என்றார். நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா, சொல் என்றார். அங்கே எடுபட்டது எண்ணும் எழுத்தும்! இந்த ஊர் வழக்கறிஞர் விநாயகம் போன்றோர் போராட்டத்தில் முன்னின்றது வெறும் தற்செயல் என்று நான் எண்ணவில்லை. 1959-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி தாயகம் திரும்பிற்று. கேட்டதெல்லாம் கிடைத்ததா? இல்லை. திருப்பதி வரவில்லை. சத்தியவேடு நம் கையை விட்டுப் போயிற்று. போனவற்றை எண்ணும்போதுதான், இன்னும் பத்துப் பேர் நன்றாக எழுதத் தெரிந்தவர் அன்று இருந்திருக்கக் கூடாதா என்று நெஞ்சம் ஏங்குகிறது.

இப்போது நம்முன் இருப்பது இன்னொரு எல்லை வழக்கு. நிலத்தின் எல்லையன்று, மொழியின் எல்லை. இங்கே திருத்தணி நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் பேசலாம், தமிழில் வாதாடலாம், தீர்ப்பும் தமிழில் எழுதலாம். 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும், கீழமை நீதிமன்றங்களுக்காகப் பின்னர் அதில் சேர்த்த திருத்தமும் அதற்கு வழி செய்கின்றன. அதே வழக்கு மேல்முறையீடாகச் சென்னைக்குப் போகட்டும். வாசற்படியிலேயே தமிழுக்குத் தடை! தன் காணியைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று அறிய, காணிக்காரன் தீர்ப்பை எடுத்துக்கொண்டு படித்தவர் வீடு தேடி அலைகிறான்.

அரசமைப்புச் சட்டம் கதவை அடைத்துவிட்டதா? அடைக்கவில்லை. 348-ஆம் விதியின் இரண்டாம் உட்பிரிவைப் படியுங்கள். குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு, மாநில ஆட்சிமொழியை உயர்நீதிமன்ற நடவடிக்கைகளில் வழங்க ஆளுநர் அனுமதிக்கலாம். தீர்ப்புக்கு வழி 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டம், 7-ஆம் பிரிவு; ஆங்கில மொழிபெயர்ப்பு உடன் இருந்தால் போதும். இந்த வழியில் இந்தி நுழைந்தது: இராஜஸ்தானில் 1950, உத்தரப் பிரதேசத்தில் 1969, மத்தியப் பிரதேசத்தில் 1971, பீகாரில் 1972. நாம் 2006-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டோம். 2012-இல் உச்சநீதிமன்ற நீதிபதிகளின் முழு அமர்வு ஏற்கவில்லை என்றார்கள். தமிழக அரசு 2014-இல் மீண்டும் கேட்டது. 2016-இல் மீண்டும் இல்லை என்றார்கள்.

தலைமை நீதிபதியின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது 348-இல் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை! 1965 மே மாதம் மத்திய அமைச்சரவைக் குழு எடுத்த முடிவு அது. நான்கு மாநிலங்களுக்குத் திறந்த கதவு ஐந்தாவதுக்கு ஏன் திறக்கவில்லை? இந்தக் கேள்வியை நாம் மேடையில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம். வழக்குரையாக, பிரிவு பிரிவாக, சான்றோடு, தமிழில் எழுதிவைத்தவர் நம்மில் எத்தனை பேர்? கோபித்துக்கொள்ளாதீர்கள், சுவரொட்டி எழுத நூறு பேர் வருகிறார்கள், மனு எழுத ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது.

தமிழில் சட்டம் எழுத இயலாது என்பார் உண்டு. அவர்களை வேலஞ்சேரிக்கு அழைத்துப் போங்கள். இதோ பக்கத்தில்தான் இருக்கிறது. 1977-இல் அங்கே செப்பேடுகள் கிடைத்தன. ஒன்று பல்லவன் அபராசிதனுடையது. மற்றொன்று சோழன் முதற்பராந்தகனுடையது. பக்திக்காக அன்று, ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே இந்த மண்ணில் கொடையும் உரிமையும் தமிழிலும் எழுதப்பட்டன என்பதற்காகப் பாருங்கள். அது பழங்கதை என்பாரேல், மாயூரத்துக்கு வரட்டும். அங்கே முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று 1862-இலேயே வெளியிட்டார். தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாடும் வக்கீல்களைத் தம் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் சாடவும் சாடினார். வெள்ளையன் ஆட்சியில், அவன் சம்பளம் வாங்கிய நீதிபதி செய்த வேலை அது!

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வாய்தா, ஜாமீன், ஜப்தி, வக்காலத்து எல்லாம் நவாபு காலத்துச் சரக்கு. பிணை, ஒத்திவைப்பு என்று எழுதுவதையே நான் விரும்புகிறேன். ஆயினும், வாதிக்கே விளங்காத புதுச்சொல்லைப் புனைந்து அடுக்கினால், ஆங்கிலம் செய்த அதே கொடுமையை நாம் தமிழில் செய்தவர்களாவோம். பத்திர நடை வேறு தொல்லை. ஒரு வாக்கியம் இரண்டு பக்கம் ஓடும், யார் விற்றார் யார் வாங்கினார் என்பது இறுதியில்தான் தெரியும். அதைப் பின்பற்றாதீர்கள்.

பட்டரைப்பெரும்புதூர் சட்டக் கல்லூரியிலிருந்து வந்திருக்கிறீர்கள். நாட்டில் நடக்கும் சட்டக் கட்டுரைப் போட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அவற்றிலும் கலந்துகொள்ளுங்கள், பரிசையும் தட்டி வாருங்கள். இந்தப் போட்டிக்குப் பொருள் ஒன்றே ஒன்று: 348-ஆம் விதி, இரண்டாம் உட்பிரிவின்கீழ்த் தமிழுக்கு அனுமதி கோரும் மனு. எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாக எழுதுங்கள். வேறு மாநிலத்திலிருந்து மாற்றலாகி வரும் நீதிபதி தமிழை எப்படிப் படிப்பார் என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான், ஏளனம் செய்து தப்பிக்க இயலாது, விடை சொல்லியாக வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கு ஆகும் செலவைக் கூடக் கணக்கிட்டுக் காட்டுங்கள்.

எழுதி முடித்ததும் எங்களுக்கு அனுப்புமுன், இங்கே நீதிமன்றத் தாழ்வாரத்தில் வாய்தாவுக்காகக் காத்திருக்கும் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் எங்கே புருவத்தை நெரிக்கிறாரோ அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பதினைந்து பக்கத்துக்கு மேல் வேண்டாம். படித்துப் பார்க்கப் போகிறவர்களில் நானும் ஒருவன், எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.