‘போகலாம்’ என்னும் சொல்



பத்தாண்டுகளாகச் சொல்லை நிறுத்துப் பார்த்துவரும் அவை இது. ஒரு வினைச்சொல்லின் ஈறு திரிந்ததும் அதன்பின் ஓர் ஆசிரியரின் உயிர் போனதுமான செய்தியை இங்கு எடுத்துரைப்பது பொருந்தும்.

2015 ஜனவரி 7 அன்று பாரிசில் ‘சார்லி எப்டோ’ இதழ் அலுவலகத்தின் மீது நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் 12 பேர் மாண்டனர். இறந்தோர்க்குப் பரிவு காட்டப் பலர் ‘நானே சார்லி’ என்றனர். நபிகள் நாயகத்தைக் கேலிச்சித்திரமாக வரைந்த இதழோடு தம்மை ஒன்றாக்கிக் கொள்ள மனம் ஒப்பாதவர்களும் இருந்தனர். படுகொலையை வெறுத்துக்கொண்டே அச்சொல்லையும் மறுப்பது இயலாத நிலையன்று. ஆயினும் அந்நிலையை விளக்க அன்று பொறுமை எவர்க்கும் இல்லை.

அப்பொறுமையை வகுப்பறைக்குள் கொணர முயன்றவர் சாமுவேல் பட்டி. பாரிசுக்கு வடமேற்கே ஓர் ஊர்ப் பள்ளியில் வரலாறும் புவியியலும் கற்பித்தவர். 2020 அக்டோபர் 5, 6 ஆம் நாள்களில் கருத்துரிமை பற்றிய பாடத்தை ‘சார்லியாக இருப்பதா, இல்லாதிருப்பதா’ என்னும் இருதலைக் கேள்வியாகவே அமைத்தார். விடையைத் திணிக்கும் பாடமன்று அது. கேலிச்சித்திரம் காட்டும் சில நொடிகளில் மனம் புண்படக் கூடியவர்கள் பார்வையைத் திருப்பிக் கொள்ளலாம், வெளியே போகலாம் என்று இசைவும் அளித்தார்.

‘போகலாம்’ என்பதைத் தமிழ்ச் செவியால் கேட்டுப் பார்க்க வேண்டும். விருந்து முடிந்தபின் ‘போகலாம்’ என்றால் இசைவு. மேலதிகாரி மேசைக்கு அப்பாலிருந்து ‘நீங்கள் போகலாம்’ என்றால் அது ஏவலே. சொல் ஒன்று, சொல்பவரின் இடமும் கேட்பவரின் நிலையும் பொருளை மாற்றுகின்றன. தோழர் அனைவரும் உள்ளே அமர்ந்திருக்கத் தாழ்வாரத்தில் நிற்கும் பிள்ளைக்கு, அன்பினால் தரப்பட்ட இசைவும் விலக்கலாகத் தோன்றக்கூடும். இதைப் பண்பாட்டுப் புரிதலின்மை என்று சொல்லலாம். பேசித் தீர்க்கத்தக்கது அது.

அடுத்து நடந்ததை அப்பெயரால் அழைப்பது தகாது. பதின்மூன்று வயது மாணவி ஒருத்தி, இசுலாமியப் பிள்ளைகளை அடையாளம் காட்டச் சொல்லி வெளியேற்றினார் ஆசிரியர் என்றும், தான் எதிர்த்ததால் தண்டிக்கப்பட்டதாகவும் தந்தையிடம் கூறினாள். ‘போகலாம்’ அங்கே ‘போங்கள்’ ஆயிற்று. உண்மையில் அவள் அவ்வகுப்பிலேயே இல்லை. அவள் பெற்ற இடைநீக்கம் வேறு ஒழுங்கீனங்களுக்காக. தந்தை அதைக் காணொளியாக்கிப் பரப்பினார். வகுப்பில் இருந்தோர் பலர்; ஆயினும் ஊர் உலகம் கேட்டது இல்லாதவள் கூற்றையே. அக்டோபர் 16 அன்று பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் அவ்வாசிரியரைப் பள்ளி அருகே கழுத்தறுத்துக் கொன்றான். ஆசிரியரை முன்பின் கண்டறியாதவன் அவன். அடையாளம் காட்டும் பொருட்டு மாணவர் சிலர்க்கு ஏறத்தாழ 300 யூரோ கொடுத்திருந்தான். 2023 டிசம்பரில் அம்மாணவி பொய்க் குற்றச்சாட்டுக்காகவும், வேறு ஐவர் கொலையாளிக்கு உதவியதற்காகவும் தண்டனை பெற்றனர். கொலை செய்தவன் கொலைகாரனே; சொல் திரிந்தது என்பதால் அவன் பழி குறையாது.

கேளாத சொல்லைக் கேட்டதாகக் கூறியது பிரான்சில். கேட்ட சொல்லைக் கண்டு ஆசிரியர் தரப்பே அஞ்சியது இலண்டனில். பயங்கரவாதத்தின்பால் ஈர்க்கப்படுவோரைத் தடுக்கும் கடமையைப் பிரித்தானியச் சட்டம் 2015 ஜூலை முதல் பள்ளிகள் மீது சுமத்தியது. அதற்குச் சற்று முன்னரே, அவ்வாண்டு மே மாதத்தில், ஒரு பிரெஞ்சு வகுப்பில் சுற்றுச்சூழல் பற்றிய உரையாடல் நிகழ்ந்தது. பதினான்கு வயது இசுலாமிய மாணவன் ஒருவன் ‘சுற்றுச்சூழல் பயங்கரவாதம்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரைச் சொன்னான். மரங்களைக் காக்க வன்முறையில் இறங்குவோரைப் பற்றிய பேச்சு அது. தொடரின் முன்பாதி எவர் செவியிலும் ஏறவில்லை போலும். சில நாள் கழித்து வகுப்பிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு, ஐ.எஸ். இயக்கத்தோடு தொடர்பு உண்டா என்று வினவப்பட்டான். அதன்பின் வகுப்பு விவாதங்களில் வாய் திறக்கவே தயங்கினான் அம்மாணவன்.